கப்பல் நீச்சல்குளத்து டவலுக்கு 25 டாலர்: அந்தக் கணக்கு எங்கே இடறுகிறது?

சொகுசுக் கப்பலில் ஒரு வாரம் சுற்றிவிட்டு இறங்கும்போது வரும் கடைசி பில்லில் சிலருக்கு எதிர்பாராத ஒரு தொகை இருக்கும்: நீச்சல்குள டவல், 25 டாலர். குடும்பமாகப் போனவர்களுக்கு அதே தொகை இரண்டு மூன்று தடவைகூட வரும். டவலைத் திருப்பிக் கொடுத்தது நன்றாக நினைவிருக்கிறது, பில் வேறு மாதிரி சொல்கிறது. இது வாடகையா, அபராதமா, முன்பணமா, கப்பல்காரர்கள் காசு பிடுங்க வைத்திருக்கும் வழியா என்ற குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இது வாடகை இல்லை, முன்பணமும் இல்லை. டவலை எடுப்பதற்கு ஒரு காசும் கிடையாது. எடுத்த டவல் திரும்பியதாகக் கணினியில் பதிவாகாவிட்டால் மட்டும் விழுகிற தொகை இது. "திரும்பாவிட்டால்" என்று சொல்லாமல் "பதிவாகாவிட்டால்" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான தகராறுகள் இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் பிறக்கின்றன.

எந்த டவல் எண்ணப்படுகிறது

கப்பலில் டவல்கள் இரண்டு வகை. கேபின் குளியலறையில் மாட்டியிருக்கும் வெள்ளை டவல்கள் ஒன்று. அறைப் பணியாளர் அவற்றை எடுப்பார், புதிது வைப்பார். யாரும் உங்கள் பெயரில் அவற்றைக் கணக்கு எழுதுவதில்லை. அவை அந்த அறையை விட்டு வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் காரணம்.

நீச்சல்குள டவல் வேறு. அது பெரியது, நீலமாகவோ பட்டை போட்டதாகவோ இருக்கும். மேல்தளத்தில் குளத்தோரம், சாய்வு நாற்காலி, கேபின் பால்கனி, துறைமுகத்தில் இறங்கினால் கடற்கரை என்று அது ஊர் சுற்றும். நிறம் மாற்றி வைத்திருப்பதும் அதற்காகத்தான். சலவைக்கூடத்தில் பிரித்தெடுக்கலாம், இறங்கும் வாசலில் யார் தோளில் என்ன போகிறது என்பதும் தெரியும். கேபின் வெள்ளை டவலைக் கடற்கரைக்கு எடுத்துப் போகாதீர்கள் என்று கப்பல்கள் சொல்வதும் இதே காரணத்துக்குத்தான்.

டவல் கொடுப்பதில் மூன்று வழக்கங்கள்

நிறுவனத்துக்கு நிறுவனம் முறை மாறும். ஒரே நிறுவனத்தின் இரண்டு கப்பல்களில்கூட நடைமுறை வேறாக இருக்கலாம். போன தடவை இப்படித்தான் இருந்தது என்று நம்பிப் போகிறவர்களே அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

1. கவுண்டரில் கார்டு காட்டி வாங்குவது. குளத்தருகே ஒரு டவல் கவுண்டர் இருக்கும். கேபின் கார்டை நீட்டினால் பணியாளர் ஸ்கேன் செய்து டவல் கொடுப்பார். திருப்பும்போதும் அங்கேயே கார்டைக் காட்டிக் கழித்துக்கொள்ள வேண்டும். ராயல் கரீபியன் என்ற கப்பல் நிறுவனம் இந்த முறைக்குப் பெயர் போனது. அங்கே திரும்பாத டவல் ஒன்றுக்கு 25 டாலர்.

2. கேபினிலேயே வைத்துவிடுவது. ஆளுக்கு ஒன்று என்று அறையில் டவல் வைத்து, கூடவே ஒரு குறிப்புச் சீட்டும் வைத்திருப்பார்கள்: பயணம் முடியும்போது இத்தனை டவல் அறையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு பிடிக்கப்படும். கார்னிவல் கப்பல்களில் நெடுநாள் இருந்த வழக்கம் இது. தொகையாக 22 டாலர் சொல்லப்பட்டு வந்தது. இங்கே ஸ்கேன் கிடையாது, கடைசி நாள் எண்ணிக்கை மட்டும்தான்.

3. எண்ணாமலே கொடுப்பது. குளத்தோரம் டவல் அடுக்கி வைத்திருப்பார்கள். வேண்டியதை எடுக்கலாம், முடிந்ததும் கூடையில் போடலாம். டிஸ்னி கப்பல்களில் இப்படித்தான். விலை உயர்ந்த சிறிய கப்பல்களிலும் பெரும்பாலும் இதே வழக்கம்.

இந்தத் தொகைகள் எப்போது வேண்டுமானாலும் மாறலாம். ஏறிய முதல் நாள் கவுண்டரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பு எதுவோ அதுதான் அந்தப் பயணத்துக்குச் செல்லும்.

"கணக்கில் ஏறுவது" என்றால்

கப்பலுக்குள் ரொக்கம் புழங்காது. ஏறும்போதே உங்கள் கிரெடிட் கார்டை ஒரு கப்பல் கணக்கோடு இணைத்துவிடுவார்கள். அந்தக் கணக்கின் முகம்தான் கையில் இருக்கும் கேபின் கார்டு. ராயல் கரீபியனில் அதற்கு சீபாஸ் என்று பெயர், கார்னிவலில் செயில் அண்ட் சைன். பிரின்சஸ் கப்பல்களில் கார்டுக்குப் பதிலாக மெடாலியன் என்று ஒரு வட்டச் சில்லு தருகிறார்கள். கதவு திறப்பதும் குளிர்பானம் வாங்குவதும் துறைமுகத்தில் இறங்கி ஏறுவதும் எல்லாம் இதே கார்டில்தான்.

டவலும் இதே கார்டில்தான் பதிவாகிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. குளிர்பானம் வாங்கினால் அந்த நொடியே பணம் ஏறும். டவல் எடுத்தால் எண்ணிக்கை மட்டும் ஏறும்: "இந்தக் கார்டில் 2 நிலுவை" என்பது போல. பயணம் முழுவதும் அது வெறும் எண்ணாகவே கிடக்கும். கடைசி நாள் குறிப்பிட்ட நேரம் தாண்டியதும் நிலுவையில் இருக்கும் எண்ணிக்கை பணமாக மாறி, பில்லில் வந்து உட்காரும். அதனால்தான் வாரம் முழுக்க கணக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்களும் இதைக் கடைசி இரவில்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள்.

ஈர டவலைக் கொடுத்துக் காய்ந்த டவல் வாங்கினால் அதற்குப் பெயர் மாற்றிக்கொள்வது. அதில் எண்ணிக்கை மாறாது. 2 நிலுவை 2 ஆகவே இருக்கும். ஒருநாளில் ஐந்து தடவை மாற்றினாலும் அப்படித்தான். பலர் மாற்றிக்கொண்டதைத் திருப்பிக் கொடுத்ததாக எண்ணிவிடுகிறார்கள்.

ஒரு டவலுக்கு இத்தனை காவல் எதற்கு

கரையில் இருக்கும் ஹோட்டலில் டவல் தீர்ந்தால் மறுநாள் வேறு வரவழைத்துவிடலாம். நடுக்கடலில் அது நடக்காது. புறப்பட்ட துறைமுகத்துக்குத் திரும்பும்வரை கையில் இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். எந்த நேரத்திலும் டவல் இருப்பின் ஒரு பகுதி பயணிகளிடம் இருக்கும், இன்னொரு பகுதி சலவையில், மீதி அலமாரியில். பயணிகளிடம் போனது கேபினுக்குள் முடங்கிவிட்டால் மற்ற இரண்டும் வற்றத் தொடங்கும். அதிலும் நடுக்கடலில் முழுநாளும் ஓடும் நாட்களில்தான் எல்லாரும் ஒரே நேரத்தில் குளத்துக்கு வருவார்கள்.

அளவு புரிய ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2024 ஜனவரியில் பயணம் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் கேபினுக்கு இருவர் என்று வைத்தாலே 5,610 பயணிகள், 7 நீச்சல்குளங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 2 டவல் என்று எடுத்துக்கொண்டால் 11,220. 70 சென்டிமீட்டர் அகலம், 140 சென்டிமீட்டர் நீளம், சதுர மீட்டருக்கு 450 கிராம் எடை கொண்ட பருத்தி டவல் ஒன்று ஏறக்குறைய 440 கிராம் வரும். அப்படியானால் காய்ந்த நிலையிலேயே கிட்டத்தட்ட 5 டன் துணி, நாள்தோறும். ஈரத்தோடு எடை பல மடங்கு. ஆளுக்கு இரண்டு என்பது நாம் வைத்துக்கொண்ட கணக்குதான், ஆனாலும் சலவைக்கூடம் ஏன் இரவு பகலாக ஓடுகிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

அந்தச் சலவைக்கான தண்ணீரும் சும்மா வருவதில்லை. கடல்நீரை எஞ்சின் சூட்டில் ஆவியாக்கியோ, சவ்வு வழியே அழுத்தி உப்பு நீக்கியோதான் கப்பல்கள் பெரும்பகுதி நன்னீரைத் தயாரிக்கின்றன. துவைத்த நீரையும் தேக்கி வைத்து, விதிப்படி அனுமதி உள்ள இடத்தில்தான் வெளியேற்ற முடியும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008இல் வெளியிட்ட மதிப்பீட்டில், சமையலறை, குளியலறை, சலவை எல்லாம் சேர்ந்த கழிவுநீர் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 67 கேலன், அதாவது 250 லிட்டர் என்று கணக்கிட்டது. சலவையின் பங்கு அதில் 17 விழுக்காடு அளவில் இருந்தது.

இன்னொன்றும் உண்டு. நீச்சல்குள டவலுக்கு ஆயுள் குறைவு. குளத்து நீரின் குளோரின் சாயத்தை வெளுக்கும். மணல் இழைக்குள் போய் உட்காரும். எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி சன்ஸ்கிரீன். பல சன்ஸ்கிரீன்களில் இருக்கும் அவோபென்சோன் என்ற பொருள் நீரிலுள்ள இரும்போடு சேர்ந்து துரு நிறத்தில் கறை விடும், சலவைத்தூளுக்கு அது லேசில் போகாது, வெளுப்பான் போட்டால் இன்னும் மோசமாகும். போதாததற்கு, எண்ணெய்ப் பிசுக்கு முழுசாகப் போகாத டவல்களை உலர்த்தியிலிருந்து சூட்டோடு எடுத்து அடுக்கினால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. கரையிலுள்ள சலவைக்கூடங்களுக்கே இது தெரிந்த அபாயம். கப்பலில் தீ என்றால் கேட்கவே வேண்டாம். ஆக, காணாமல் போகாவிட்டாலும் டவல்கள் தேய்ந்து கழிந்துகொண்டேதான் இருக்கும். காணாமல் போவது அதன் மேல் கூடுதல் இழப்பு.

25 டாலர் எங்கிருந்து வந்தது

டவலின் விலை அவ்வளவா? இல்லை. ஹோட்டல் துறையில் ஒரு கணக்கு இருக்கிறது. டவலுக்குள் துணியோடு துவைக்கக்கூடிய மின்னணு அடையாளச் சில்லு தைத்து வைப்பது பற்றி 2011இல் செய்திகள் வந்தன. ஹோனலூலுவில் ஒரு ஹோட்டல் இப்படிச் செய்ததில் மாதம் 4,000 என்றிருந்த நீச்சல்குள டவல் இழப்பு 750 ஆகக் குறைந்தது, மாதம் 16,000 டாலர் மிச்சம் என்று அதில் சொல்லப்பட்டது. வகுத்துப் பார்த்தால் டவலுக்கு 5 டாலர்கூட வரவில்லை. மொத்தக் கொள்முதல் என்பதால் அந்த விலை. கப்பல் டவல் இன்னும் கொஞ்சம் தடிமன், ஏற்றிவரும் செலவு, இருப்பு வைக்கும் செலவு என்று தாராளமாகக் கூட்டினாலும் 25ஐத் தொடுவது கடினம்.

ஆக, தொகையின் ஒரு பகுதி டவலுக்கான ஈடு, மீதி பயமுறுத்தல். டவலைத் தொலைத்தால் வலிக்க வேண்டும், அப்போதுதான் கவுண்டருக்கு நடந்து வந்து கழித்துக்கொள்வார்கள் என்ற கணக்கு. இதைக் கப்பலுக்கு வருமானம் தரும் வழியாக நான் பார்க்கவில்லை. ஒரு பயணத்தில் 100 பேரிடம் பிடித்தாலும் 2,500 டாலர்தான். ஆயிரக்கணக்கான பயணிகள் குடிக்கும் பானங்களின் பில்லுக்கு முன்னால் அது தூசு. அந்தக் காசுக்காகக் கடைசி இரவில் கவுண்டரில் கோபத்தோடு நிற்கும் வரிசையை எந்த நிர்வாகமும் விலைக்கு வாங்காது.

பயமுறுத்தல் எப்போதும் பலிக்கும் என்றும் இல்லை. யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரு பொருளியலாளர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பொருந்தும். இஸ்ரேலின் ஹைஃபாவில் 10 குழந்தைகள் காப்பகங்களைக் கவனித்தார்கள். அவற்றில் 6 இடங்களில், பிள்ளையை அழைத்துப்போக 10 நிமிடத்துக்கு மேல் தாமதமாக வரும் பெற்றோருக்கு 10 ஷெக்கல் அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரட்டிப்பானது. முன்பு இருந்த கூச்சம் போய், காசு கொடுத்தால் தாமதமாக வரலாம் என்றாகிவிட்டது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. கப்பல் டவலிலும் இதே மனப்போக்கு எட்டிப்பார்க்கிறது: "25 டாலர்தானே, பிடித்துக்கொள்ளட்டும், நல்ல டவல், வீட்டுக்கு எடுத்துப் போகலாம்." தொகையை 5 டாலராக வைத்தால் இந்தக் கூட்டம் பெருகும். ஒருவரும் வாங்க நினைக்காத விலையாக இருக்க வேண்டும், அதே சமயம் பயணி கொதித்துப் போகாத விலையாகவும் இருக்க வேண்டும். 20க்கும் 25க்கும் பக்கத்தில் போய் நிற்பது அதனால்தான் என்று தோன்றுகிறது.

கணக்கு இடறும் இடங்கள்

நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பதிவேட்டில் அடிக்காமல் வந்துவிட்டால், புத்தகம் அலமாரியில் இருந்தாலும் உங்கள் பெயரில் நிலுவை நிற்கும். டவலில் நடப்பதும் இதுதான், இன்னும் மோசமான வடிவத்தில். புத்தகத்துக்காவது எண் உண்டு, எடுத்துக் காட்டிவிடலாம். டவலுக்குப் பொதுவாகத் தனி அடையாளம் கிடையாது. கவுண்டரில் ஸ்கேன் ஆவது உங்கள் கார்டு, டவல் அல்ல. எந்த டவல் யாருடையது என்று கணினிக்குத் தெரியவே தெரியாது. இத்தனை கொடுத்தோம், இத்தனை வந்தது, அவ்வளவுதான். இதிலிருந்து வரும் விளைவுகள் பல.

1. கூடையில் போட்டுவிடுவது. குளத்தோரம் ஆங்காங்கே பெரிய கூடைகள் இருக்கும், பயன்படுத்திய டவலுக்கு என்று எழுதியிருக்கும். எல்லாரும் போடுகிறார்கள், நாமும் போடுகிறோம். டவல் ஒழுங்காகச் சலவைக்குப் போய்விடும், கப்பலுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் நம் எண்ணிக்கை குறையாது. தகராறுகளில் அடிக்கடி வருவது இந்த வகைதான். பயணி சொல்வதும் உண்மை, கணினி சொல்வதும் அதன் அளவில் உண்மை.

2. நெரிசல் நேரம். மாலை நாலரை மணி வாக்கில் கவுண்டர் முன் ஈரக் கால்களோடு இருபது பேர் நிற்பார்கள். பணியாளர் டவலை வாங்கிப் பின்னால் எறிந்துவிட்டு, "சரி, போகலாம்" என்று கையசைப்பார். கார்டு ஸ்கேன் ஆனதா? ஸ்கேனர் ஒலித்ததா, திரையில் எண் மாறியதா என்று கேட்காமல் நகர்ந்தால் சந்தேகம் கூடவே வரும்.

3. குடும்பக் கார்டுகள். அப்பா தன் கார்டில் நான்கு டவல் எடுக்கிறார். பெரிய பிள்ளை இரண்டைக் கொண்டுபோய்த் தன் கார்டில் திருப்புகிறான். அவன் கார்டில் நிலுவை பூஜ்யம். அங்கே வரவு வைத்தாலும் அப்பா கார்டில் இரண்டு அப்படியே நிற்கும். ஒரே கேபின், ஒரே கிரெடிட் கார்டு என்றாலும் டவல் எண்ணிக்கை தனித்தனிக் கார்டில்தான் ஓடும்.

4. துறைமுக நாள். கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு இறங்கும் வாசலிலேயே டவல் கொடுக்கும் கப்பல்கள் உண்டு. திரும்பி ஏறும்போது வாசலருகே கூடையும் வைத்திருப்பார்கள். வாசலில் வாங்கிய டவல் கார்டில் ஏறியதா, சும்மா கொடுத்ததா என்பதை வாங்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டும். முந்தின நாள் மேல்தளக் கவுண்டரில் கார்டு காட்டி எடுத்த டவலைக் கடற்கரைக்குக் கொண்டுபோய், வரும்போது வாசல் கூடையில் போட்டால் முதல் வகைச் சிக்கல்தான்.

5. கடைசி மாலை. டவல் கவுண்டர் கடைசி நாள் மற்ற நாட்களை விடச் சீக்கிரம் மூடிவிடும். இரவு உணவுக்குப் பிறகு பெட்டி கட்டும்போது பால்கனியில் காய்ந்துகொண்டிருக்கும் டவல் கண்ணில் படும். கேபினில் விட்டுவிட்டால் பணியாளர் கணக்கில் சேர்ப்பார் என்று நம்புவது சூதாட்டம். இரண்டாவது வழக்கம் உள்ள கப்பலில் அது சரியான இடம், முதல் வழக்கம் உள்ள கப்பலில் தவறான இடம்.

6. சங்கிலித் திருட்டு. இதுதான் எனக்குச் சுவாரசியமாகப் படுவது. டவலில் பெயர் இல்லை, எண்ணிக்கை மட்டும் உண்டு என்பதால், ஒருவர் தன் டவலைத் தொலைத்துவிட்டால் அவருக்கு மலிவான வழி பக்கத்து நாற்காலியில் யாருமில்லாமல் கிடக்கும் டவலை எடுத்துக் கொடுத்துவிடுவது. அவர் கணக்கு நேராகிவிடும். பறிகொடுத்தவர் குளத்திலிருந்து ஏறி வந்து பார்ப்பார், அவர் இன்னொரு நாற்காலியைத் தேடுவார். உண்மையில் காணாமல் போனது ஒரே ஒரு டவல், ஆனால் அந்த இழப்பு பத்துப் பேரைச் சுற்றி வரும். கடைசியில் யார் கையில் டவல் இல்லாமல் கவுண்டர் மூடுகிறதோ அவர் தலையில் 25 டாலர். பெரும்பாலும் அவர் அடுத்தவர் டவலில் கை வைக்க மனமில்லாதவராக இருப்பார். அபராதமே இல்லாத கப்பலில் அடுத்தவர் டவலை எடுக்க யாருக்கும் காரணமே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

சாய்வு நாற்காலியும் டவலும்

டவல் எண்ணப்படுவதற்கு அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம் நாற்காலிச் சண்டை. அதிகாலையிலேயே வந்து நாலு நாற்காலியில் நாலு டவலை விரித்துவிட்டுச் சிற்றுண்டிக்குப் போய், பதினோரு மணிக்குத் திரும்புகிறவர்களை எல்லாக் கப்பலிலும் பார்க்கலாம். டவல் வேண்டிய அளவு இலவசமாகக் கிடைத்தால் ஒருவர் எத்தனை நாற்காலிகளை வேண்டுமானாலும் பிடிக்கலாம். கார்டில் ஏறும் என்றால் கொஞ்சம் யோசிப்பார்.

ஆளில்லாத நாற்காலியை ராயல் கரீபியனில் 30 நிமிடத்துக்குப் பிறகு, கார்னிவலில் 40 நிமிடத்துக்குப் பிறகு காலி செய்யலாம் என்பது விதி. பணியாளர் வந்து நேரம் குறித்த சீட்டை ஒட்டிவிட்டுப் போவார், கெடு தாண்டினால் பொருட்களை எடுத்து வைப்பார். செருப்பும் புத்தகமும் கவுண்டருக்குப் போகும், கேட்டு வாங்கிக்கொள்ளலாம். டவல் பெரும்பாலும் சலவைக் கூடைக்குப் போய்விடும், நிலுவை மட்டும் கார்டில் நிற்கும். எல்லாக் கப்பலிலும் இந்த விதி ஒரே கறாரோடு நடக்கிறது என்று சொல்ல முடியாது. பயணிகளோடு சண்டை போடப் பணியாளர்கள் தயங்குவது இயல்பு.

கரையில் இந்தச் சண்டை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கிரேக்கத் தீவான ரோட்ஸில் தங்கிய ஒரு ஜெர்மானியப் பயணி, டவல் போட்டு இடம் பிடித்தவர்களால் தன் குடும்பத்துக்குச் சாய்வு நாற்காலியே கிடைக்கவில்லை, விதி இருந்தும் யாரும் அமல்படுத்தவில்லை என்று சுற்றுலா நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். 2023 டிசம்பரில் ஹானோவர் நீதிமன்றம் அவருக்குச் சுமார் 320 யூரோ திருப்பித் தரச் சொன்னது. விதியை எழுதி வைத்தால் மட்டும் போதாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

சட்டத்தில் இதன் இடம்

பயணச் சீட்டு வாங்கும்போதே நீண்ட ஒப்பந்தம் ஒன்றை ஏற்றுக்கொள்கிறோம். கப்பல் கணக்கில் ஏறும் தொகைகளைச் செலுத்த வேண்டும் என்பதும் அதில் வரும். டவல் தொகையின் பலம் அங்கிருந்தும் கவுண்டரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பிலிருந்தும் வருகிறது.

உண்மையான நஷ்டத்தை விட அதிகமாக வாங்கலாமா? ஆங்கிலேய மரபுச் சட்டத்தில் இது பழைய கேள்வி. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று முன்கூட்டியே குறித்த தொகை, தண்டிப்பதற்காக மட்டும் வைத்ததாக இருந்தால் செல்லாது என்பது நெடுநாள் கொள்கை. 2015 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அந்தக் கோட்டைக் கொஞ்சம் நகர்த்தியது. 2 மணி நேரம் இலவசமாக வண்டி நிறுத்தக்கூடிய இடத்தில் கூடுதல் நேரம் நிறுத்தியவரிடம் பார்க்கிங்ஐ நிறுவனம் 85 பவுண்ட் கேட்ட வழக்கு அது. நிறுவனத்துக்கு நேரடி நஷ்டம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆனாலும் எல்லாருக்கும் இடம் கிடைக்கும்படி சுழற்சியைக் காப்பதில் அதற்கு நியாயமான அக்கறை உண்டு, தொகையும் அதற்கு மிஞ்சியதல்ல, அறிவிப்புப் பலகையும் தெளிவாக இருந்தது என்று சொல்லி, நீதிமன்றம் தொகை செல்லும் என்றது. டவலுக்கும் வாதம் அச்சு அசலாக இதேதான்: துணியின் விலை 5 டாலர், சுழற்சி நிற்காமல் இருப்பதன் விலை வேறு.

அமெரிக்க நிறுவனங்களின் கப்பல்களில் வழக்கு என்றால் இன்னொரு தடை. கார்னிவல், ராயல் கரீபியன், நார்வீஜியன் மூன்றின் பயணச்சீட்டு ஒப்பந்தங்களும் வழக்குகளை ஃபுளோரிடாவின் மியாமி-டேட் வட்டாரத்துக்கு இழுக்கின்றன. இப்படி இடம் குறிப்பது செல்லும் என்று கார்னிவல் சம்பந்தப்பட்ட வழக்கு ஒன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991இலேயே சொல்லிவிட்டது. அது கப்பலில் விழுந்து காயம்பட்ட ஒரு பயணியின் வழக்கு. அவருக்கே அந்த நிலை என்றால் 25 டாலருக்கு யார் விமானம் ஏறுவார்கள்?

அதனால் நடைமுறையில் பேச வேண்டிய இடம் கப்பலுக்குள் இருக்கும் விருந்தினர் சேவைக் கவுண்டர்தான். அதுவும் இறங்குவதற்கு முன்.

பில் வருவதற்கு முன்னும் பின்னும்

ஏறிய அன்றே எந்த வழக்கம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கவுண்டர் முறை என்றால் குடும்பத்துக்கு ஒரே கார்டில் எடுத்து, அதே கார்டில் திருப்புவது தலைவலியைக் குறைக்கும். தேவைக்கு மேல் டவலைக் கையில் வைத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு மாலையும் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிவிட்டு மறுநாள் புதிதாக எடுப்பது, கடைசி நாள் நான்கு டவல்களைத் தேடி அலைவதை விட எளிது. திருப்பும்போது "என் கார்டில் இப்போது எத்தனை நிற்கிறது?" என்று கேட்டால் பணியாளர் திரையைப் பார்த்துச் சொல்லிவிடுவார். ரசீது தராத இடத்தில் அந்த ஒரு கேள்விதான் ரசீது.

குளத்தில் இறங்கும்போது டவலை நாற்காலியில் விரித்துப் போடுவதை விட, பைக்குள் வைத்து மூடிவிட்டுப் போவது நல்லது. அல்லது அடையாளம் தெரிகிற கிளிப் ஒன்றை மாட்டலாம். நூறு நீல டவல்களுக்கு நடுவில் வேண்டுமென்றே எடுப்பவர்களை விடத் தெரியாமல் மாற்றி எடுப்பவர்கள் அதிகம், கிளிப் அவர்களை நிறுத்திவிடும். டவல் உண்மையிலேயே தொலைந்துவிட்டால் கடைசி நாள்வரை காத்திருக்காமல் அன்றே கவுண்டரில் சொல்லிவிட வேண்டும். நாற்காலியைப் பணியாளர்கள் காலி செய்ததால் போனது என்றால் நேரத்தையும் இடத்தையும் குறித்துச் சொன்னால் சரிபார்க்க வழி இருக்கும்.

கடைசி நாள் கவுண்டர் மூடும் நேரத்தை அன்று காலையே பார்த்து வைப்பது நல்லது. கணக்கு இப்போது பெரும்பாலான கப்பல்களில் கைபேசிச் செயலியிலோ கேபின் தொலைக்காட்சியிலோ தெரியும். இரவு படுக்கும் முன் ஒரு தடவை, இறங்கும் காலை ஒரு தடவை பார்க்கலாம். டவல் தொகை வந்திருந்தால் விருந்தினர் சேவைக்குப் போய், எந்த நாள், எந்தக் கவுண்டர், ஏறக்குறைய எத்தனை மணி, யாருடைய கார்டு என்று சொல்ல வேண்டும். கணினியில் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் நேரம் பதிவாகியிருக்கும். குடும்பத்தில் வேறு கார்டில் வரவாகியிருந்தால் அங்கேயே கண்டுபிடித்து மாற்றிவிடலாம். டவல் கேபினிலேயே கிடக்கிறது என்றால் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

இறங்கிய பிறகு தெரிந்தால் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம், பலன் இல்லையென்றால் கிரெடிட் கார்டு வங்கியில் மறுப்புத் தெரிவிக்கலாம். இரண்டாவது வழியில் வங்கி ஆதாரம் கேட்கும். நிறுவனத்திடம் ஸ்கேன் பதிவு இருக்கும், நம்மிடம் நினைவு மட்டும் இருக்கும்.